ஒரு சாண் கீழே

அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்தது:
நூற்றைம்பது சதவீதம் கூடுதல் வெளிச்சம்.
எதைவிட என்று போடவில்லை.

ஹெட்லைட்டுக்கு வெள்ளையில் இரண்டு,
ஃபாக் லைட்டுக்கு மஞ்சளில் இரண்டு.
ஒரு ஷிஃப்ட் முழுக்க நண்டு உடைத்த காசு.

ஆலை விட்டு இரண்டரை மணிக்குக் கிளம்பினால்
ட்ரெபாசி பொட்டல் தாண்டி வீடு.
மரம் கிடையாது, விளக்குக் கம்பம் கிடையாது.
கடல் எழுந்துவந்து
சாலையில் படுத்துக்கொள்ளும்.
நியூஃபவுண்ட்லாந்தில் அதற்குப் பெயர் மூடுபனி.
பாலத்தருகே தினமும் ஒரு வண்டி எதிரே வரும்.
எப்போதும் அதுதான் முதலில் வெளிச்சத்தைத் தாழ்த்தும்.
யாரோ நல்லவன் என்று நினைத்துக்கொள்வேன்,
பிறகு மறந்துபோவேன்.

போன வியாழன் ஒரு மூஸ்.
மான் சாதிதான், ஆனால் குதிரையைவிட உயரம்.
கண்கள் வெளிச்சத்துக்கு மேலே போய்விடுவதால் மின்னாது.
நான் கண்டது நான்கு கால்கள்,
யாரோ தார்ச்சாலையில் நட்டுவிட்டுப் போன கழிகள்.
பிரேக்கை மிதித்தேன்.
கால்கள் யோசித்தன.
பிறகு ஒவ்வொன்றாகப் பனிக்குள் போயின.
உடம்பை நான் பார்க்கவே இல்லை.

அதனால் இந்தப் பல்புகள்.

ஞாயிறு மாலை பானெட்டைத் தூக்கி
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பழையதைக் கழற்றினேன்.
புதியதன் கண்ணாடியில் விரல் படக்கூடாதாம்,
பட்ட இடம் சூடேறி வெடிக்குமாம்.
என் விரல்களோ நண்டு வாசம் போகாதவை.
இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவி
டிஷ்யூ சுற்றி எடுத்தேன்.
இத்தனை மரியாதையாக
டாமினிக்கின் கையைக்கூடப் பிடித்ததில்லை.
ஆல்பர்ட்டாவிலிருந்து அன்று அவன் போன் செய்தபோது
எடுக்க முடியவில்லை, இரண்டு கையும் எஞ்சினுக்குள்.

ஸ்விட்சைப் போட்டேன்.
அடேயப்பா.
இத்தனை வருஷம் தேநீர்க் கறையின் ஊடே
உலகத்தைப் பார்த்திருக்கிறேன்.
புல்லின் தாள் தாளாக,
கொடியில் மறந்த ஒற்றைச் சாக்ஸ்,
எதிர்வீட்டு ஷெட்டின் சுவர்,
சுவரில் ஆணியடித்த பலகை.
பலகையில் 'ஸ்டெல்லா மேரி'.

படகோடு போய்விட்டதென்று நினைத்திருந்தேன் அதை.
விற்ற காகிதத்தில் என் கையெழுத்து இருந்தது.
டாமினிக்கின் அண்ணன் லியாண்டர்
அன்றோடு பேச்சை நிறுத்தினான்.
ஆறு குளிர்காலம்.
விடியுமுன் அவன் வேன் வாசலில் இராது.
எங்கே போகிறதென்று நான் கேட்டதும் இல்லை.

இப்போது அவன் சமையலறை ஜன்னல் முழுக்க என் வெளிச்சம்.
கதவு திறந்தது.
கையில் அளவு நாடா.
திட்டத்தான் வருகிறான் என்று
கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
என்னைப் பார்க்கவில்லை.
தரையிலிருந்து விளக்கின் நடு வரை அளந்தான்.
நடந்துபோய் அதே உயரத்தில்
சுவரில் காகித டேப் ஒட்டினான்.
வெளிச்சத்தின் விளிம்பு டேப்பைத் தாண்டி
பலகை மேல் ஏறியிருந்தது.

"ஒரு சாண் கீழே."

ஆறு வருஷத்துக்கு அவ்வளவுதான்.
ஸ்குரூடிரைவரைத் திருகினேன்.
இடது இறங்கியது, வலது அடம் பிடித்தது.
"இன்னும்."
திருகினேன்.
படகின் பெயர் மெல்ல இருட்டுக்குள் போனது.

டேப்பைச் சுற்றிக்கொண்டே சொன்னான்:
"மூணு மணிக்குப் பாலத்துகிட்ட எதிர்ல வர்றது நான்தான்.
ரொட்டி வண்டி."
கதவு சாத்திக்கொண்டது.
நான் என்ன சொல்வது என்று
எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இரவு பொட்டலில் பனி.
ஹை பீமைப் போட்டால் முகத்தெதிரே வெள்ளைச் சுவர்.
நூற்றைம்பது சதவீதச் சுவர்.
அணைத்தேன்.
கீழே மஞ்சளில் இரண்டு பாய் விரித்தாற்போல்
சாலையோரக் கோடு மட்டும்.
அதைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தேன்.

பனி கிழிந்த இடத்தில் ஹெட்லைட்டைப் போட்டேன்.
பாலம்.
எதிரே இரண்டு பொட்டு.
இன்றாவது முந்திக்கொள்ளலாமென்று
ஸ்விட்சில் விரல்.

இருவரும் ஒரே நேரத்தில் தாழ்த்திவிட்டோம்.
அந்த ஒரு நொடி
நடுவில் மூஸ் நின்றிருந்தாலும்
தெரிந்திருக்காது.